கிருலப்பனை வளவில் ஒரு தேனீப் பெட்டி: ஓராண்டுச் சேவையின் மதிப்பீடு

கடந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கிருலப்பனையில் உள்ள எங்கள் 14 பேர்ச் வளவில் வீடு போக எஞ்சிய நிலத்தைத் தோட்டமாக்கி, அதன் பின்மூலையில் ஒரு தேனீப் பெட்டியும் வைத்து, இரண்டையும் ஓராண்டு பராமரித்துத் தருவதாகச் சொன்ன நிறுவனமொன்றுடன் உடன்படிக்கை செய்துகொண்டோம். ஓராண்டு முடிந்து, புதுப்பிப்பதா விடுவதா என்று கேட்டு அவர்களுடைய கடிதமும் வந்துவிட்டதால், பெற்ற சேவையை நிதானமாக எடைபோட்டுப் பார்க்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில உள்ளன; அவற்றுக்கு மறுமொழி சொல்ல அவர்கள் இங்கே இல்லை. அதுவுமன்றி, இத்தகைய சேவையைக் கொழும்பில் எவரிடம் வாங்கினாலும் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டியவை இவைதாம் என்று நினைக்கிறேன்.

தேனீ பார்க்க வந்தவரின் வேலை, கொடுத்த காசுக்கு மேலானது. தோட்ட வேலை கண்ணுக்கு நிறைவானது, தேனீக்கு உதவாதது. இரண்டுக்கும் ஒரே பற்றுச்சீட்டுத்தான் வந்தது. ஆனால் தோட்டம் போட்டவர்களும் தேனீ பார்த்தவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் பட்ட சங்கடங்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே புறப்பட்டன.

தோட்டம் அமைக்க 2 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா, தேனீக் குடும்பத்துடன் கூடிய பெட்டிக்கும் தாங்கிக்கும் 38 ஆயிரம் ரூபா, பிறகு மாதம் 6,500 ரூபா. அந்த மாதக் கட்டணத்துக்குத் தோட்டக் குழு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் தேனீ பார்ப்பவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் வருவார்கள் என்பது ஏற்பாடு.

தோட்டக் குழுவைப் பற்றிக் குறை சொல்லுமுன் அவர்கள் செய்த நல்லதைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து பேர் நான்கு நாள் நின்று வேலை செய்தார்கள். வீட்டுச் சுவரிலிருந்து மதிலை நோக்கி நிலத்தை மெல்லச் சரித்து, மதிலோரமாகச் சல்லிக்கல் நிரப்பிய வாய்க்கால் ஒன்றை வெட்டி, அதன் மேல் மண்ணும் மலேசியன் புல்லும் பரப்பினார்கள். முன்பெல்லாம் நவம்பர் மழையில் எங்கள் பின்வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். இந்த முறை ஒரு நாள் கூட நிற்கவில்லை. கொழும்பில் தோட்டம் போடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது தண்ணீர் போகும் வழி; அதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

தேனீக்கும் சேர்த்துத்தான் தோட்டம் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். கணினியில் வரைந்து காட்டிய படத்தில் இருந்தபடியே முன்பக்கத்தில் ஒரு வரிசை சிவப்பு வெட்சி, மதிலில் போகன்வில்லா, பாதையின் இருபுறமும் அடுக்கிதழ் ரோஜாச் சாடிகள், வேலிக்கு மஞ்சள் இலை டுரான்டா என்று நட்டார்கள். வெட்சிப் பூவின் குழல் ஓர் அங்குல நீளம் இருக்கும்; நம் ஊர்த் தேனீயின் நாக்கோ அரைச் சென்ரிமீற்றர் அளவானது. வண்ணத்துப்பூச்சிக்கு அது விருந்து, தேனீக்கு எட்டாக் கனி. போகன்வில்லாவில் நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய இலை. உண்மையான பூ அதன் நடுவில் இருக்கும் வெள்ளைக் குழல், அதுவும் நீண்டது. அடுக்கு ரோஜாவில் மகரந்தம் தாங்க வேண்டிய உறுப்புகள் இதழ்களாகிவிட்டன. டுரான்டா பூத்தால் தேனீ மொய்க்கும்தான், ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சதுரமாக வெட்டப்படும் வேலி எப்போது பூப்பது?

இவற்றை நடுவதற்காக அவர்கள் பிடுங்கி எறிந்தவற்றை எண்ணினால் வயிறு எரிகிறது. கிணற்றடியில் தானாக முளைத்துக் கிடந்த துளசி, தொட்டாற்சுருங்கி, மூக்குத்திப்பூ எல்லாம் களை என்ற கணக்கில் போயின. மூலையில் நின்ற பழைய முருங்கைக்கும் கத்தி வைத்திருப்பார்கள். என் மனைவி அதன் அடியில் போய் நின்றதால் அது பிழைத்தது. கறிக்காகத்தான் அவர் நின்றார், தேனீக்காக அல்ல. எனினும் பிற்பாடு எங்கள் பெட்டியைத் தாங்கிப் பிடித்த மரங்களில் அதுவும் ஒன்று.

செப்டெம்பர் முதல் வாரத்தில், இருட்டிய பிறகு, பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் பண்டாரவளைப் பக்கத்து இளைஞர். பிந்துனுவெவவில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவில் பயிற்சி பெற்றவர். மறுநாள் காலையில் வாசலைத் திறந்துவிட வந்தபோதுதான் தோட்டத்தை முதன்முதலாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு சுற்று நடந்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பார்க்க அழகாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா இதுல சாப்பிட ஒண்ணும் இல்லியே.” நான் நிறுவனத்தின் கையேட்டை எடுத்துக் காட்டினேன். அதில் ‘தேனீக்கு உகந்த தோட்டம்’ என்று அச்சடித்திருந்ததை வாசித்துவிட்டுச் சிரித்தாரே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று அவர் எனக்குச் சொல்லித் தந்த கணக்கை இத்தகைய சேவையை வாங்க நினைக்கும் எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பெட்டியில் வளர்ப்பது ஏபிஸ் செரானா என்னும் ஆசியத் தேனீ; ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்க்கும் ஏபிஸ் மெலிபெரா அல்ல. ஆசியத் தேனீ பெரும்பாலும் கூட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இரை தேடுவது. அந்த ஒரு கிலோமீற்றர் ஆரையுள்ள வட்டம் ஏறக்குறைய 314 ஹெக்டேயர்; எங்கள் 14 பேர்ச்சோ 354 சதுர மீற்றர், அதாவது அந்த வட்டத்தில் சுமார் 9,000இல் ஒரு பங்கு. ஆகவே வீட்டுத் தோட்டத்துப் பூவிலிருந்து தேன் வரும் என்பது வெறும் ஆசை. தேன் வருவது அயல் வளவுகளின் தென்னையிலிருந்தும், தெருவோரத்து நிழல்வாகை மரங்களிலிருந்தும், கால்வாய்க் கரைப் புதர்களிலிருந்தும். வீட்டுத் தோட்டத்துக்கு உள்ள வேலை வேறு. நாள் முழுவதும் மழை பெய்து, இடையில் அரைமணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும்போது, தேனீ தூரம் போகாது. பெட்டிக்குப் பத்தடி தள்ளிப் பூத்திருப்பதுதான் அதற்குக் கிடைக்கும். தோட்டம் அந்த அரைமணி நேரத்துக்காகவே திட்டமிடப்பட வேண்டும். வடிவமைத்தவர்கள் அதை நினைத்தே பார்க்கவில்லை.

பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆசியத் தேனீக்கென்று தென்னிந்தியாவில் வடிவமைக்கப்பட்ட நியூட்டன் பெட்டியின் மாதிரி அது. கீழே புழு அறையில் தேனீ வதை (மெழுகடை) கட்டும் ஏழு சட்டங்கள், அதற்கு மேல் தேன் அறை, தகரம் போர்த்திய மூடி. சுவர்ப் பலகைகள் தடித்தவை, மூலைகள் நன்றாகப் பொருத்தப்பட்டவை. அடிப்பலகை மட்டும் பிளைவூட். நவம்பர் முடிவதற்குள் அது ஊதிப் பிளந்து, கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டது. இரண்டு முறை நினைவூட்டிய பின் இலவசமாக மாற்றித் தந்தார்கள். கொழும்பு ஈரத்துக்குப் பிளைவூட் தாங்காது என்பது தெரியாமல் அவர்கள் தொழில் செய்கிறார்கள் என்று நம்ப முடியவில்லை. வாங்குபவர் பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

தாங்கியின் நான்கு கால்களையும் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள். தேனீ வளர்ப்பில் எங்கும் உள்ள முறைதான், ஆனால் இது டெங்கு ஊர். ஒக்டோபரில் வீடு வீடாக வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஒரு கிண்ணத்தில் நெளிந்த நுளம்புக் குடம்பிகளைத் தன் கைவிளக்கால் எனக்கே காட்டினார். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் வளவுக்காரர்தான் பொறுப்பு. பெட்டியை வைத்தவர் வேறு ஆள் என்று சொல்லித் தப்ப முடியாது. நல்ல மனிதர், எச்சரித்துவிட்டுப் போனார். அன்று பின்னேரமே தேனீ பார்க்கும் தம்பி வந்து கிண்ணங்களை எடுத்துவிட்டு, கால்களில் தடிப்பாகக் கிறீஸ் பூசி, மழை அதைக் கழுவாமலிருக்கப் பிளாஸ்ரிக் போத்தல்களைப் பாதியாக வெட்டிக் குடைபோலக் கவிழ்த்தார். பத்து நிமிட வேலை. முசுறு கூட அதற்குப் பின் ஏறவில்லை. அதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று கேட்டபோது, கிண்ணம் வைப்பது நிறுவனத்தின் ஒழுங்கு என்றார்.

ஒக்டோபரும் நவம்பரும் கொழும்பில் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம் என்று புத்தகத்தில் இருக்கும். நடைமுறையில் ஆண்டின் பெருமழை மாதங்களில் அவையும் சேர்ந்தவை. பின்னேரம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் இரவுவரை விடாது. இந்த இரண்டு மாதத்தில்தான் சேவையின் உண்மையான தரம் எனக்குத் தெரிந்தது. தேனீ வெளியே போகாத நாள்களில் பெட்டிக்குள் சேர்த்து வைத்ததைத் தின்னும். மகரந்தம் வராவிட்டால் இராணி முட்டையிடுவதைக் குறைக்கும். தொழிலாளிகள் முதுமையடைந்து சாகச் சாகக் கூட்டம் சுருங்கும். சுருங்கிய கூட்டம் எல்லா வதைகளையும் மூடி நிற்க முடியாமல் போகும்போது, வெறிச்சோடிய வதையில் மெழுகுப்பூச்சி குடியேறும். அதன் பிறகு ஒரு நாள் காலையில் பெட்டி காலியாக இருக்கும். ஆசியத் தேனீ ஐரோப்பியத் தேனீயைப் போல இருந்து சாவதில்லை; பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டை விட்டே போய்விடும்.

நவம்பர் நடுவில் ஒரு வெயில் விட்ட காலையில் தம்பி பெட்டியைத் திறந்ததை அருகில் நின்று பார்த்தேன். திறக்குமுன் பக்கப் பலகையில் விரல் கணுவால் ஒருமுறை தட்டினார். உள்ளிருந்து ‘ஸ்ஸ்’ என்று ஒரே மூச்சில் ஒரு சீறல் எழுந்து அடங்கியது. “சத்தம் ஒண்ணா வந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். இழுத்து இழுத்து வந்தா யோசிக்கணும்” என்றார். பிறகு தேங்காய்த் தும்பைப் புகைத்து, கதவடியில் இரண்டு மூச்சு விட்டுவிட்டு, ஓரத்திலிருந்து சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஆறாவது சட்டத்தில் தேனீ இல்லை. வதையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்: அறைகளின் ஊடாகச் சிலந்தி வலைபோல வெள்ளை நூற்பாதை ஒன்று வளைந்து போயிற்று, அதன் முனையில் சோற்றுப் பருக்கையளவில் ஒரு புழு. அந்த வதையை வெட்டி ஒரு பையில் போட்டு முடிந்துகொண்டார். அடிப்பலகையில் சேர்ந்திருந்த மெழுகுத் தூளை மட்டைத் துண்டால் சுரண்டி, அதையும் நிலத்தில் சிந்தாமல் பைக்குள் தள்ளினார், ஏனெனில் அந்தத் தூளிலும் பூச்சி முட்டையிடும். ஏழு சட்டத்தை ஐந்தாகக் குறைத்து, எஞ்சிய இடத்தைத் தடுப்புப் பலகையால் அடைத்தார். கூட்டம் இருக்கும் அளவுக்கு வீட்டைச் சிறிதாக்குவது, அவ்வளவுதான் வைத்தியம்.

மாலையில் சீனியும் தண்ணீரும் சம அளவாகக் கரைத்த பாகை, பழைய பிளாஸ்ரிக் மூடியொன்றில் ஊற்றி, தேனீ விழுந்து மூழ்காமலிருக்க நாலைந்து ஈர்க்குத் துண்டுகளை மிதக்க விட்டு, பெட்டிக்கு உள்ளே வைத்தார். பகலில் வைத்தால் மணம் பரவி அயலிலிருந்து வேறு தேனீக்களும் எறும்புகளும் கொள்ளைக்கு வரும் என்பதால், மழை விட்ட பின்னேரங்களில், உடன்படிக்கையில் இல்லாத நாள்களிலும், வேலை முடிந்து போகும் வழியில் இறங்கி அதைச் செய்தார். மேலதிகமாக ஒரு சதமும் கேட்கவில்லை. நான் தேநீர் கொடுத்தேன். அதற்கும் சீனி வேண்டாம் என்றார்.

அந்த நாள்களில் எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு பெட்டி வாசலைப் போய்ப் பார்ப்பேன். இரண்டு மூன்று தேனீக்கள் தலையை வெளிப்புறமாக வைத்துக்கொண்டு, கால்களைப் பலகையில் ஊன்றி, இறக்கையை விசிறியாக்கி நிற்கும். வெளிக்காற்றை உள்ளே தள்ளுகின்றன என்று தம்பி விளக்கினார். மெலிபெரா தேனீயானால் முகத்தை வாசலுக்குக் கொடுத்து உள்காற்றை வெளியே இழுக்குமாம். ஒரே தொழிலை இரண்டு இனமும் எதிரெதிராக நின்று செய்வதை நினைத்து அந்த ஈரத்திலும் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன்.

டிசெம்பரில் தம்பியும் நானுமாகத் தோட்டத்தைத் திருத்தினோம். வெட்சி வரிசையில் பாதியைப் பிடுங்கித் துளசி வைத்தோம். போகன்வில்லாவுக்கு அருகில் கொடிரோசாவை (பெயரில் மட்டும்தான் ரோஜா) மதிலில் ஏற்றினோம். அது அதிகம் கவனிப்புக் கேட்காமல் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும், தேனீக்கு அதில் நல்ல விருப்பம். பாதையோரச் சாடிகளில் பத்துமணிப்பூ. பெட்டிக்கு நேர் எதிரே, சிங்களவர் எட்டேரியா என்று சொல்லும் காட்டுக்கறிவேப்பிலைக் கன்றுகள் மூன்று. வறண்ட நாள்களுக்குப் பின் ஒரு மழை விழுந்தால் சில நாளில் அந்தச் செடி முழுவதும் வெள்ளையாகும். கன்றுகளில் பாதியைத் தம்பி தன் அறை வாசலில் தானே வளர்த்துக் கொண்டுவந்தார், மீதியைப் பத்தரமுல்லையில் வாங்கினேன். எல்லாவற்றுக்குமாக 3,000 ரூபா ஆகவில்லை. 2 இலட்சத்து 75 ஆயிரத்துக்குச் செய்த தோட்டத்தில் இல்லாதது அந்த 3,000 ரூபாவில் வந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மிகையாகத் தோன்றாது.

சனவரியில் மழை குறைந்து, மாமரங்கள் பூத்ததும் கூட்டம் பெருகியது. ஆண் தேனீ வளரும் அறைகளைத் தம்பி காட்டினார்; மற்ற மூடிகளைவிட அவை கூம்பாக எழுந்து, உச்சியில் ஊசி குத்தினாற்போல ஒரு துளையுடன் இருந்தன. அந்தத் துளை ஆசியத் தேனீக்கே உரியது. ஆண்கள் வந்துவிட்டால் அடுத்தது கூட்டம் பிரியும். பிரித்து இரண்டு குடும்பமாக்கட்டுமா, அல்லது இராணி அறைகளை நீக்கி, ஒரே குடும்பமாகப் பலப்படுத்தித் தேனெடுக்கட்டுமா என்று கேட்டார். உடன்படிக்கையை எடுத்துப் பார்த்தால், பொடி எழுத்தில், பிரிக்கப்படும் குடும்பம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று இருந்தது. ஆகவே தேன் என்றோம். இந்த வரி உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் பாருங்கள்.

பெப்ரவரிக் கடைசியில் பெட்டி ஹொரணைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றுக்குப் பயணம் போயிற்று. அதற்குத் தனியாக 5,000 ரூபா. இறப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகத் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் காம்பில் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் தேன் கசியும். பூவிலிருந்து அல்ல, இலையடியிலிருந்து. 1876ஆம் ஆண்டு பிரேசில் விதையின் நாற்றுகளைக் கப்பலில் கொண்டுவந்து கம்பகா எனரத்கொடைப் பூங்காவில் ஊன்றியவர்கள் பாலுக்காகத்தான் ஊன்றினார்கள். இந்நாட்டுத் தேனீக்காரருக்கும் அதில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது. இரவில் வாசலைக் கம்பி வலையால் அடைத்து, சட்டங்கள் ஆடாமல் ஆப்பு வைத்து, சிறு லொறியில் ஏற்றினார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்பி வந்தபோது பெட்டியைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது.

தேனெடுத்த நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கையேட்டில் ஆண்டுக்குப் பத்துப் போத்தல் என்று போட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது நான்கு போத்தல். 750 மில்லிலீற்றர் போத்தலில் தேன் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். ஆசியத் தேனீக்கு, அதுவும் முதல் ஆண்டில், அது குறைவான விளைச்சல் அல்ல. பத்து என்று அச்சடித்ததுதான் பிழை. தம்பி மூடியிட்ட வதைகளை மட்டும் எடுத்துச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்தார், மூடாதவற்றைத் தொடவில்லை. பிறகு பேனாவைப் போன்ற ஒரு சிறு கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, என்னையும் பார்க்கச் சொன்னார். நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையிலான கோடு 22க்குச் சற்றுக் கீழே நின்றது. தேனில் நீரளவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசத் தரம். “இது புளிக்கும் ஐயா. குளிரூட்டியில வச்சு நாலு மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க, யாருக்கும் விக்காதீங்க” என்றார். தங்கள் தேனை விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆள், தேனில் ஈரம் அதிகம் என்று வாடிக்கையாளரின் கண்ணால் பார்க்க வைத்துச் சொன்னார். ஒரு போத்தலை மதிலுக்கு அந்தப்புறம் உள்ள அயலவருக்குக் கொடுத்தோம். அதன் பிறகு எங்கள் தேனீ அவர்களுடைய குளியலறை விளக்குக்குப் போவது பற்றிய முறைப்பாடு நின்றுவிட்டது.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. டிசெம்பரில் நட்டவை அப்போதுதான் கைகொடுத்தன. மழைக்கு இடையே துளசியிலும் கொடிரோசாவிலும் தேனீ இருந்தது, சீனிப்பாகு வைக்கும் நாள்கள் நவம்பரைவிடப் பாதியாகக் குறைந்தன. மெழுகுப்பூச்சி வரவில்லை. தெருவில் நுளம்புக்குப் புகையடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த ஒரு மாலையில், தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பின்படி, இருட்டிய பின் வாசலை வலையால் மூடி, பெட்டிக்கு மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, மறுநாள் புகை அடங்கி ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். சேதம் இல்லை.

சேதம் வந்தது எங்கள் படலைக்குள்ளிருந்தே. யூன் மாதத்தில் ஒரு காலை, பத்து மணிபோல், நல்ல வெயில். அதே நிறுவனத்தின் தோட்டக் குழுவில் புதிதாக வந்த ஒருவர், செவ்வரத்தையில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருந்த பூச்சிக்கு மருந்தடித்தார். செவ்வரத்தைக்கு அடியில்தான் துளசிப் பாத்தி. நான் வீட்டுக்குள் இருந்தேன், மணம் வந்த பிறகே வெளியே ஓடினேன். போத்தலில் இமிடாகுளோபிரிட் என்று எழுதியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தேனீயைக் காரணம் காட்டி 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை செய்த மருந்துகளில் அதுவும் ஒன்று. பின்னேரம் பெட்டி வாசலுக்குக் கீழே புல்லில் தேனீக்கள் கிடந்தன. ஒரு கடதாசியில் பொறுக்கி எண்ணினேன்: 212. பெரும்பாலானவற்றின் நாக்கு வெளியே நீண்டிருந்தது. வேறு எங்கே எத்தனை விழுந்தன என்பது தெரியாது. துளசிப் பாத்தியில் பூங்கொத்துகள் அனைத்தையும் கிள்ளி எறிய வேண்டியிருந்தது, ஏனெனில் அந்த மருந்து செடிக்குள் ஊறிப் பூத்தேன் வரைக்கும் போகக்கூடியது.

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். வருத்தம் தெரிவித்தார்கள், ஒரு மாதக் கட்டணத்தைக் கழித்தார்கள். அது முறையானதே. ஆனால் தோட்டக் குழுவின் வேலைத்தாளில் ‘தேனீப் பெட்டி உள்ள வளவு’ என்ற ஒரு வரி கூட இருக்கவில்லை என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். மருந்தடித்த பையனை நான் ஏசவில்லை. அவனுக்குப் பெட்டி இருப்பதே தெரியாது. அடுத்த நாள் தம்பி வந்து பார்த்து, இராணி உயிரோடிருக்கிறது, புழுவும் இருக்கிறது, கூட்டம் மீளும் என்றார். ஆறு வாரத்தில் மீண்டது.

இப்போது கடிதத்துக்கு என்ன பதில் எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேனீ பராமரிப்பை இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பித்தேன், அதே இளைஞர் வருவார் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பின். தோட்டக் குழுவின் வருகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று குறைத்தேன். வாய்க்காலைத் துப்புரவாக்க அவர்களைவிட நல்லவர்கள் இல்லை. வளவுக்குள் பூச்சிமருந்து கொண்டுவரக்கூடாது, வேலியை எப்போது வெட்டுவது என்பதைத் தேனீ பார்ப்பவரே சொல்வார், அடிப்பலகை மரத்தில் இருக்க வேண்டும் என்று மூன்று வரிகளைச் சேர்க்கச் சொன்னேன். முதல் இரண்டையும் உடனே சேர்த்தார்கள். மூன்றாவதற்கு மேலதிகமாக 1,800 ரூபா கேட்டிருக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறோம்.

டுரான்டா வேலி யூலையிலிருந்து வெட்டப்படவில்லை. ஒழுங்கில்லாமல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, ஊதா நிறத்தில் பூத்திருக்கிறது, பின்வாசலால் வருகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும்.